ஃபிரிட்ஜ் வாயுவும் இருபத்துநான்கு எலக்ட்ரான்களும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் கடைத்தெருவில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடைக்கு யார் போனாலும் முதலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "கேஸ் போயிடுச்சுண்ணா." கம்ப்ரஸர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் உள்ளே வைத்த பால் திரிந்துவிடுகிறது. மெக்கானிக் குழாயில் கசிவைத் தேடி, பற்றவைத்து, சிலிண்டரிலிருந்து புது கேஸ் அடித்துக் கொடுக்கிறார். கம்ப்ரஸரின் பக்கத்தில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால் என்ன கேஸ் என்று தெரியும். இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏ. கொஞ்சம் பழையது என்றால் ஆர் 134ஏ. 1990களில் சீர்வரிசையாக வந்த ஃபிரிட்ஜ் இன்னும் எந்த வீட்டிலாவது மூலையில் கிடந்தால், அதில் ஆர் 12 என்று இருக்கும்.

அந்த ஆர் 12 தான் குளோரோஃப்ளூரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. ஒரு கார்பன் அணு, இரண்டு குளோரின், இரண்டு ஃப்ளூரின். நிறமில்லை, நாற்றமில்லை, தீப்பிடிக்காது, விஷமில்லை. அந்தக் காலத்தில் குழாயைப் பற்றவைக்கும் முன் மிச்சமிருந்த கேஸை அப்படியே காற்றில் திறந்துவிடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் தவறு இருப்பதாக நினைக்க யாருக்கும் காரணமும் இல்லை.

திறந்துவிட்ட அந்தக் கேஸ் எங்கே போகும்? மழையில் கரையாது, மண்ணில் ஒட்டாது, எதனோடும் வினை புரியாது. காற்றோடு அலையும். தரைக் காற்று, ஓசோன் இருக்கும் அடுக்குமண்டலத்துக்குள் ஏறும் வாசல் பெரும்பாலும் வெப்பமண்டலத்தின் மேல்தான் இருக்கிறது. நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மெதுவாக மேலேறி, பிறகு துருவங்களை நோக்கி நகர்ந்து, அங்கே சில ஆண்டுகள் கழித்து இறங்குகிறது. ஓசோன் ஓட்டை அண்டார்டிகாவில்தானே என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மைதான். நம் ஊருக்கு மேல் ஓசோன் பெரிதாக மெலியவும் இல்லை. ஆனால் அங்கே போகும் ஏணி நம் கூரைக்கு மேலிருந்து கிளம்புகிறது.

ஓசோன் படலம் என்றதும் கனமான போர்வை ஒன்று மனதில் வந்துவிடும். தமிழ்நாட்டுக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் திரட்டித் தரையில் பரப்பினால் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். மெல்லிய தோசையின் கனம். கொடைக்கானலில் டாப்சன் கருவியை வைத்து இந்தக் கனத்தை அளந்திருக்கிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி, பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை 1960களில் இந்தியாவிலேயே உருவாக்கக் காரணமானவர். ஓட்டை என்ற சொல் பிறப்பதற்கு முன்பே நம்மவர்கள் அண்ணாந்து பார்த்து அளந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொருவரின் கதை ஃபிரிட்ஜ் கேஸோடு நேராகவே பிணைந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியல் பட்டம் பெற்ற வீரபத்ரன் ராமநாதன், செகந்திராபாதில் ஃபிரிட்ஜ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். குளிரூட்டும் வாயு கசியாமல் தடுப்பது எப்படி என்று பார்ப்பது அவர் வேலை. சிதம்பரமும் ரிஷிவந்தியமும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டம். பிறகு பெங்களூர், அங்கிருந்து அமெரிக்கா. 1974-இல் வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் சி.எஃப்.சி. ஓசோனை அழிக்கும் என்று எழுதியதைப் படித்ததும், தான் கசியாமல் தடுக்கப் பாடுபட்ட அதே வாயு என்பது அவருக்கு உடனே பிடிபட்டது. மறு ஆண்டே அவர் ஒரு கணக்கை வெளியிட்டார்: ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு, பத்தாயிரம் கரியமில வாயு மூலக்கூறுகள் அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். கார்பன்–ஃப்ளூரின், கார்பன்–குளோரின் பிணைப்புகள் அதிரும் தாளம், பூமியின் வெப்பம் வெளியேறும் அகச்சிவப்புச் சன்னலில் சரியாகப் போய் உட்காருவதுதான் காரணம்.

மொலினா, ரோலண்ட் இருவரும் எழுதியபோதும் ஓட்டையை யாரும் கண்டிருக்கவில்லை. அது தெரியவந்தது 1985-இல். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்க முடிந்தது, மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு கையில் இருந்ததால். அந்த அறிவின் அடிமட்டத்தில் இருப்பது குவாண்டம் வேதியியல். எலக்ட்ரான்கள் அணுக்கருக்களைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கின்றன, எந்தப் பிணைப்பு எவ்வளவு உறுதி, எந்த ஒளி பட்டால் எது உடையும் என்பதையெல்லாம் 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டிலிருந்து கணக்கிட்டுச் சொல்லும் துறை.

அந்தத் துறையின் அருமை ஒரு புதிரில் தெரியும். ஆர் 12-இல் குளோரினைக் கார்பனிலிருந்து பிரிக்க, ஒரு மோலுக்குச் சுமார் 340 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 350 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியில் அந்த ஆற்றல் இருக்கிறது. அந்த ஒளி ஓசோனைத் தாண்டி நம் வயலுக்கும் வாசலுக்கும் தினமும் வருகிறது. அப்படியானால் கசிந்த கேஸ் ரிஷிவந்தியம் தெருவிலேயே வெயிலில் உடைந்திருக்க வேண்டுமே? உடையவில்லை. நூறு ஆண்டுகள்கூட உடையாமல் அலைகிறது.

விடை எலக்ட்ரானின் ஏணிப்படியில் இருக்கிறது. மூலக்கூறு ஒளியைச் சில்லறையாக வாங்காது. கீழ்ப்படியில் இருக்கும் எலக்ட்ரானை அடுத்த படிக்கு முழுசாகத் தூக்கிவிடும் ஒளித்துகள் வந்தால் விழுங்கும். குறைந்தால் கடந்துபோக விட்டுவிடும். அரைப்படியில் நிற்க இடமில்லை. ஆர் 12-இன் எலக்ட்ரான் ஏறக்கூடிய அடுத்த படி, பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றலைவிட மிக உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 220 நானோமீட்டருக்கும் குறுகிய ஒளிதான் அந்தப் படியை எட்டும். அத்தகைய ஒளி ஓசோனைத் தாண்டிக் கீழே வராது. 20, 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் கிடைக்கும். அங்கே எலக்ட்ரான் அந்த மேல்படிக்கு ஏறிய கணமே கார்பனும் குளோரினும் ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்துவிடுகின்றன. தரையில் நம்மைக் காத்த அந்த உறுதியே அதை ஓசோன் இருக்கும் இடம்வரை பத்திரமாகக் கொண்டுசேர்க்கிறது.

ஃப்ளூரினும் அதே மூலக்கூறில்தானே இருக்கிறது, அது ஏன் ஓசோனைத் தின்பதில்லை என்று கேட்கலாம். விடுபடும் ஃப்ளூரின் அணு ஹைட்ரஜனைப் பிடித்தால் விடாது. ஹைட்ரஜன் ஃப்ளூரைடின் பிணைப்பு சுமார் 570 கிலோஜூல். அந்த உயரத்தில் அதை அவிழ்ப்பார் இல்லை. குளோரின் பிடிக்கும் ஹைட்ரஜன் குளோரைடோ சுமார் 430 கிலோஜூல். ஹைட்ராக்சில் என்ற துடிப்பான துணுக்கு வந்து அதை அவிழ்த்து, குளோரினை மறுபடி வெளியே விட்டுவிடும். ஒன்று கட்டிப்போட்ட மாடு, மற்றது கயிறு தளர்ந்த மாடு.

இப்படி எண்களை அடுக்கும்போது, அவை கணினியிலிருந்து சுலபமாக விழுந்துவிடுகின்றன என்று தோன்றக்கூடும். அப்படியில்லை. இந்தக் கதையின் நாயகனான ஓசோனே கணினி வேதியியலாளர்களைப் படாதபாடு படுத்திய மூலக்கூறு. மூன்று ஆக்சிஜன் அணுக்கள், 24 எலக்ட்ரான்கள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்ற ஒவ்வொன்றையும் விலக்குகிறது. ஜோடிகளை எண்ணினால் 276. அத்தனையையும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தீர்க்க வழியில்லை. அதனால் முதலில் வந்த ஹார்ட்ரி–ஃபாக் முறை ஒரு சமரசம் செய்துகொண்டது: ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணர்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

காலையில் கள்ளக்குறிச்சி போகும் பேருந்தில் நின்றுகொண்டு போனவருக்கு இந்தச் சமரசத்தின் குறை புரியும். கூட்டத்தின் சராசரியைப் பார்த்து யாரும் நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் பையைத் தூக்கினால் நாம் தோளைச் சாய்க்கிறோம். முன்னால் இருப்பவர் இறங்க நகர்ந்தால் ஒதுங்குகிறோம். எலக்ட்ரான்களும் அப்படித்தான், ஒன்று அசைந்தால் மற்றது அந்த நொடியே விலகும். இந்த ஒத்திசைவைக் கணக்கில் எடுக்காத ஹார்ட்ரி–ஃபாக் முறையில் ஓசோனைக் கணக்கிட்டால் விடை அதிர்ச்சி தரும்: சேர்ந்திருக்கும் ஓசோனைவிட மூன்று தனித்தனி ஆக்சிஜன் அணுக்களுக்கே ஆற்றல் குறைவு. அதாவது ஓசோன் என்ற பொருள் இருக்கவே கூடாது! அடுத்த படியான திருத்த முறை ஓசோனைச் சேர்த்து வைக்கிறது. ஆனால் அதன் ஓர் அதிர்வை, அளந்து கண்டதைப் போல ஏறத்தாழ இரு மடங்காகச் சொல்கிறது. 'கப்பிள்டு கிளஸ்டர்' என்ற கடுமையான முறையை மூன்று எலக்ட்ரான்கள் ஒன்றாக நகரும் திருத்தத்தோடு சேர்த்து ஓட்டினால்தான் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறோம். அதற்கு விலையும் உண்டு. மூலக்கூறு இரு மடங்கு பெரிதானால் அந்தக் கணக்கின் வேலை 128 மடங்கு ஏறும். இந்த விலையைக் குறைக்கும் வழிகளையும், வேதியியலாளர்கள் யாரும் பயன்படுத்தக்கூடிய கணினி நிரல்களையும் உருவாக்கியதற்காகத்தான் வால்டர் கோனும் ஜான் போப்பிலும் 1998-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

என்னைக் கேட்டால், ஓசோனின் இந்த முரண்டு நமக்கு ஒரு நல்லது செய்தது. கணினி சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, எந்த முறையில் கணக்கிட்டது என்று கேட்க வேண்டும் என்ற பழக்கத்தை அது ஒரு தலைமுறை வேதியியலாளர்களுக்குப் புகட்டியது.

அடுத்து, ஒரு குளோரின் எப்படி ஏராளமான ஓசோனை அழிக்கிறது? இதற்குக் கல்வராயன் மலையைத் துணைக்கு அழைக்கிறேன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை வளைந்து வளைந்து போவது ஏன்? நேராக முகட்டைத் தாண்டுவதைவிடத் தாழ்வான வழி தேடிப் போவதால். வேதிவினையும் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு பள்ளத்தாக்குக்கு மலை தாண்டும் பயணம்தான். அணுக்களின் ஒவ்வோர் இருப்புக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால் ஒரு மலைப்பரப்பே கிடைக்கும். அதில் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே உள்ள மிகத் தாழ்ந்த கணவாய் எவ்வளவு உயரம் என்று கண்டுபிடிப்பதுதான் குவாண்டம் வேதியியலாளரின் அன்றாட வேலை. கணவாயில் மூலக்கூறு நிற்கும் நேரம் கண்சிமிட்டலில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அதைப் பிடித்துவைத்து அளப்பது மிக அரிது, கணக்கிட முடியும்.

ஓசோனை ஓர் ஆக்சிஜன் அணு தாக்கி அழிக்க, சுமார் 17 கிலோஜூல் உயரமுள்ள கணவாயைத் தாண்ட வேண்டும். குளோரின் தாக்கினால் கணவாயின் உயரம் இரண்டு கிலோஜூலுக்கும் குறைவு. மலைப்பாதைக்கும் வரப்புக்கும் உள்ள வித்தியாசம். அடுக்குமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் பூஜ்யத்துக்குக் கீழே 53 டிகிரி குளிர் இருக்கும் இடத்தில், பெரும்பாலும் இந்த உயர வித்தியாசத்தால் குளோரினின் வினை பத்தாயிரம் மடங்குக்கு மேல் வேகமாக நடக்கிறது. ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்த குளோரின், அதை இன்னோர் ஆக்சிஜன் அணுவிடம் கொடுத்துவிட்டு, பழைய குளோரினாகவே திரும்பி வந்து அடுத்த ஓசோனைத் தேடுகிறது. தன்னை இழக்காமல் தாக்கும் எதிரி அது.

அண்டார்டிகாவில் கதை இன்னும் சிக்கல். அங்கே வசந்த காலத்தில் தனி ஆக்சிஜன் அணுக்கள் குறைவு. மேற்சொன்ன சுழற்சி அங்கே ஓடாது. ஆனாலும் ஓசோன் மடமடவென்று சரிந்தது. 1987-இல் மொலினா தம்பதியர் ஒரு வழி காட்டினார்கள்: ஓசோனிடம் ஆக்சிஜனைப் பறித்த குளோரின் மோனாக்சைடுகள் இரண்டு தமக்குள் சேர்ந்துகொள்கின்றன, வெயில் பட்டதும் அந்த இரட்டை உடைந்து இரண்டு குளோரின்களும் விடுதலையாகின்றன. ஆனால் அந்த இரட்டையின் வடிவம் என்ன? இரண்டு குளோரின், இரண்டு ஆக்சிஜன். ஆக்சிஜன்கள் நடுவில் கைகோத்து, குளோரின்கள் இருபுறமும் இருக்கலாம். சங்கிலி வேறு வரிசையிலும் இருக்கலாம். இரண்டு ஆக்சிஜனும் ஒரே குளோரினைப் பற்றியும் இருக்கலாம். வடிவம் மாறினால் உடையும் விதமும் மாறும். ஒரு விதத்தில் உடைந்தால் ஓசோன் அழியும். வேறு விதத்தில் உடைந்து தனி ஆக்சிஜன் அணு வெளிவந்தால், அது ஓசோனை மறுபடி உண்டாக்கிவிடும், நட்டமே இல்லை. ஒரு கண்டத்தின் வானம் அந்த நான்கு அணுக்களின் வரிசையில் தொங்கியது.

ரோலண்டும் சகாக்களும் கணினியில் இறங்கினார்கள். நடுவில் ஆக்சிஜன்கள் கைகோத்த வடிவமே நிலையானது என்று அவர்கள் கணக்கு சொன்னது. 1989-இல் நிறமாலை அளவீடு அதே வடிவத்தைக் கண்டது. 2007-இல் புதுச் சிக்கல் வந்தது. அமெரிக்க ஆய்வகம் ஒன்று, இந்த இரட்டை விழுங்கும் ஒளி முன்பு நினைத்ததைவிட வெகு குறைவு என்று அளந்தது. அது சரியென்றால் ஓசோன் ஓட்டைக்கான விளக்கமே ஆட்டம் கண்டிருக்கும். 2009-இல் தைவான் ஆய்வாளர்கள் வேறு வழியில், மூலக்கூறுக் கற்றையைக் கொண்டு அளந்து, பழைய விளக்கம் நிற்கிறது என்று காட்டினார்கள். இடையில், 2008-இல் வந்த இன்னும் துல்லியமான கணக்கு, மூன்றாவது வடிவமே சற்றுக் கூடுதல் நிலையானது என்றது. ஆனால் இரண்டு குளோரின் மோனாக்சைடுகள் மோதும்போது எளிதில் பிறப்பது கைகோத்த வடிவம்தான். எது தாழ்ந்த பள்ளம் என்பது மட்டும் போதாது, அதற்குப் போகக் கணவாய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கணக்கும் ஆய்வகமும் இப்படி ஒன்றையொன்று திருத்திக்கொண்டு நகர்வதைப் பார்க்கும்போது, அறிவியலின் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

இந்த அறிவு சட்டமானது வேகமாகத்தான். 1987 செப்டம்பர் 16 அன்று சி.எஃப்.சி.யைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. அப்போது நாட்டில் சி.எஃப்.சி. தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது, கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலத்தைத் தாண்டி. 2010 தொடக்கத்தோடு சி.எஃப்.சி. இங்கே விடைபெற்றது. 2023 தொடக்கத்தில் வெளியான ஐ.நா. மதிப்பீட்டின்படி, உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 2040 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும். அண்டார்டிகாவில் 2066 வாக்கில்.

சி.எஃப்.சி.க்குப் பதிலாக வந்த ஆர் 134ஏ-வில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குகிறது. காற்றில் சுமார் 14 ஆண்டுகள் நிற்கிறது. அதற்கும் மாற்றாகக் கார் ஏசிகளில் வரும் ஆர் 1234ஒய்.எஃப்., சுமார் பன்னிரண்டு நாள்களில் சிதைந்துவிடும். அதில் வேண்டுமென்றே ஓர் இரட்டைப் பிணைப்பை வைத்திருக்கிறார்கள். ஹைட்ராக்சில் தாக்குவதற்குத் தாழ்வான கணவாய் அது. இம்மாதிரி மூலக்கூறுகளை ஹைட்ராக்சிலும் குளோரினும் எவ்வளவு வேகத்தில் தாக்கும் என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பல்லா இராஜகுமாரின் குழு ஆய்வகத்தில் அளந்தும் கணினியில் கணக்கிட்டும் பார்த்துவருகிறது. தொழிற்சாலை கட்டும் முன்பே ஒரு வாயுவின் ஆயுளைச் சொல்லிவிடலாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம். ஆனால் ஆர் 1234ஒய்.எஃப். சிதைந்து டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலமாகி மழையில் இறங்குகிறது. அது நீர்நிலைகளில் எளிதில் மட்காது. ஆயுளைக் கணக்கிட்டவர்கள் மிச்சத்தையும் கணக்கிட்டாக வேண்டும். சி.எஃப்.சி. விஷயத்தில் நாம் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

ரிஷிவந்தியத்துக்கு உண்மையில் நெருக்கமான அடுத்த கேள்வி கடைத்தெருவில் இல்லை, வயலில் இருக்கிறது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் மேலுரமாகப் போடும் யூரியாவின் தழைச்சத்தில் ஒரு சிறு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு நூற்றில் ஒரு பங்கு. 45 கிலோ மூட்டை ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 300 கிராமுக்குச் சற்று மேல் வரும். தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 270 பங்காக இருந்த நைட்ரஸ் ஆக்சைடு இன்று 335-ஐத் தாண்டிவிட்டது. மைசூர் பல்கலைக்கழகத்தில் படித்த ஏ. ஆர். ரவிசங்கராவும் இரு சகாக்களும் 2009-இல் காட்டினார்கள்: இந்த நூற்றாண்டில் மனிதர் வெளியிடும் ஓசோன் அழிப்பான்களில் முதலிடம் இந்த வாயுவுக்குத்தான். மாண்ட்ரியல் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்துவதில்லை.

இதுவும் சி.எஃப்.சி. போலவே நூறாண்டு வாழும் சாது. சாதாரண ஆக்சிஜன் அணு மோதினால் அசையாது, நடுவில் பெரிய மலை. ஆனால் மேலே புற ஊதா ஒளி ஓசோனை உடைக்கும்போது வெளிவரும் ஆக்சிஜன் அணுவில் எலக்ட்ரான்கள் வேறு விதமாக ஜோடி சேர்ந்திருக்கும். அதே ஆக்சிஜன்தான், எலக்ட்ரான்களின் சுழற்சி மட்டும் மாறியிருக்கிறது. அதற்கு முன் மலையே இல்லை. மோதியவுடன் நைட்ரஸ் ஆக்சைடு இரண்டு நைட்ரிக் ஆக்சைடுகளாகிறது. நைட்ரஸ் ஆக்சைடில் சிறு பகுதிதான் இந்த வழியில் போகிறது. அந்தச் சிறு பகுதியே ஓசோனைச் சுழற்சியாக அழிக்கப் போதும். வளிமண்டல வேதியியலாளர் பால் க்ரூட்ஸன் 1970-இலேயே சொன்னது இது.

யூரியா இல்லாமல் விவசாயம் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. 2015 முதல் இங்கே விற்கும் யூரியா ஏறத்தாழ முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அது தழைச்சத்து வீணாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் போட்டால், மண் பரிசோதனை பார்த்துப் போட்டால், மூட்டையும் மிச்சம், ஓசோனும் மிச்சம். பணம் செலவாகும் இடத்திலேயே வாயுவும் கசிகிறது என்பதால் இது உழவருக்கும் ஏற்ற கணக்கு.

செப்டம்பர் 16 உலக ஓசோன் நாள். நம் மாவட்டத்தின் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஓசோன் நாளன்று உறுதிமொழி வாசித்து முடித்ததும், மாணவர்களைக் கணினி அறைக்கு அழைத்துப் போங்கள். 'சை4' என்ற குவாண்டம் வேதியியல் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று ஆக்சிஜன் அணுக்களை 116.8 டிகிரி கோணத்தில் வைத்து, முதலில் ஹார்ட்ரி–ஃபாக் முறையில், பிறகு கப்பிள்டு கிளஸ்டர் முறையில் கணக்கிடச் சொல்லுங்கள். முதல் விடை ஏன் தவறு என்று அவர்களையே கேளுங்கள். 24 எலக்ட்ரான்களுக்குச் சாதாரணக் கணினியே போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லை.